ஜப்பானில் தனியாக 14 நாள்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நவம்பரில் 14 நாள் ஜப்பானில் தனியாகச் சுற்றிவிட்டு வந்தேன். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நடுவில் கோயாசான் மலையில் இரண்டு இரவு. திரும்பி வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் கேட்டபடியே இருக்கிறார்கள். கோட்டை எப்படி, கோயில் எப்படி என்று கேட்டவர்கள் குறைவு. என்ன சாப்பிட்டாய், துணியை எங்கே துவைத்தாய், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரிதான். தனியாகப் போகிறவருக்கு நாளின் முக்கால்வாசி இந்த வேலைகளில்தான் போகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

ஒரு பெண் தனியாகப் போகலாமா? பயமாக இல்லையா?

தாராளமாகப் போகலாம். முதல் நாள் டோக்கியோ மின்ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் தோல் பை மாட்டிய பள்ளிச் சிறுமி ஒருத்தி, ஏழு வயதுகூட இருக்காது, தனியாக ஏறினாள். கதவோரம் நின்று, மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்கிப் போய்விட்டாள். யாரும் அவளை விசேஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

அதற்காகக் கவனமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காலை நேர நெரிசல் ரயிலில் பெண்களைத் தொட்டுத் தொந்தரவு செய்கிறவர்கள் அங்கேயும் உண்டு. பல தடங்களில் அந்த நேரத்துக்குப் பெண்களுக்கென்றே ஒரு பெட்டி ஒதுக்கி, நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பில் குறித்திருப்பார்கள். அங்கே போய் நில்லுங்கள். ஷின்ஜுகுவின் கபுகிச்சோ மாதிரி இரவு விடுதிகள் நிறைந்த தெருக்களில் ஆள் பிடிப்பவர்கள் கூப்பிடுவார்கள். பதில் சொல்லாமல் நடந்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருப்பது வெளிநாட்டவருக்குச் சட்டப்படி கட்டாயம். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. ஸ்டேஷன் வாசல்களிலும் தெருமுனைகளிலும் 'கோபான்' என்ற சின்ன போலீஸ் கூண்டு இருக்கும். வழி தெரியாமல் இரண்டு முறை அங்கே போய் நின்றேன். இரண்டு முறையும் அந்தப் பேட்டையின் பெரிய வரைபடத்தை மேஜையில் விரித்து, விரலால் தொட்டுக் காட்டி அனுப்பினார்கள்.

ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்காதா?

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்துப்போன விஷயமே இதுதான்.

கடைக்குள் நுழைந்ததும் "நன்மேய் சாமா தெஸ் கா?" என்பார்கள். எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். ஒரு விரலைத் தூக்கி "ஹிதோரி தெஸ்" என்றால் போதும், ஒருவர்தான் என்று அர்த்தம். அந்த 14 நாளில் நான் அதிகம் சொன்னது இந்த இரண்டு சொல்லாகத்தான் இருக்கும். நம் ஊரில் உடனே வருகிற "கூட யாராவது வர்றாங்களா?" அங்கே வராது. நேரே கவுன்டருக்குக் கூட்டிப் போவார்கள். சமையல்காரரைப் பார்த்தபடி நீளமான மரப்பலகை, வரிசையாக நாற்காலிகள், காலடியில் பை வைக்க ஒரு கூடை, கோட்டு மாட்ட ஒரு கொக்கி. எல்லாமே ஒரு ஆளுக்கு அளந்து செய்தவை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் தனியாக வந்தவர்தான். அலுவலகம் விட்டுப் போகிற வழியில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டு, பத்து நிமிஷத்தில் எழுந்து போவார்.

தனியாக வரும் வாடிக்கையாளருக்கு அவர்கள் மொழியில் தனிப் பெயரே உண்டு: ஒஹிதோரிசாமா. 'ஒருவர்' என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் மரியாதை ஒட்டு. நாற்பத்திரண்டு வயதில், நாலு பேர் மேஜையில் தனியாக உட்கார்ந்துவிட்டோமே என்று அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்து பழகியவளுக்கு, அந்த மரப்பலகை எவ்வளவு நிம்மதி என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

சில கடைகளில் வாசலிலேயே ஒரு மெஷின் இருக்கும். பணத்தைப் போட்டு, படத்தை அழுத்தி, வருகிற சீட்டைக் கவுன்டரில் கொடுக்க வேண்டும். ஜூலை 2024-இல் புது நோட்டுகள் வந்தன. பழைய மெஷின்கள் சில அவற்றை எடுப்பதில்லை. கையில் சில்லறை இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர் அங்கே பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் 'தஷி' என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு போங்கள். தஷி என்பது அவர்கள் சமையலின் அடிப்படைச் சாறு. நமக்குப் புளித்தண்ணீரும் பருப்புத்தண்ணீரும் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. கடல்பாசியிலும் செய்வார்கள், ஆனால் பெரும்பாலும் அதில் 'கத்சுவோபுஷி' சேரும். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் உலர்த்திச் சீவுகிற பண்டம் அது. தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். அதே மீன், ஏறக்குறைய அதே வேலை.

அதனால் தட்டில் மீனைக் காணோம் என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு, சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் தஷி இருக்கும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மீன்சாறு இறைச்சியில் சேராது. இறைச்சி, மீன், மீன்சாறு மூன்றும் ஆகாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டை செல்போனில் படமாக வைத்திருந்தேன். அதைக் காட்டினால் சமையல்காரர் நிதானமாகப் படித்துவிட்டு, முடியாது என்றால் இரண்டு கையையும் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டுவார். வருத்தப்பட வேண்டாம். தெரியாமல் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நான் எப்படிச் சமாளித்தேன்? காலையில் 'கொன்பினி' கடை. செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் மூன்றும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். அங்கே முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை, ஒனிகிரி, கிடைக்கும். உள்ளே உப்பில் ஊறிய 'உமே' என்ற பழம் வைத்ததை எடுப்பேன், நல்ல புளிப்பு. பொட்டலத்து லேபிளைக் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்த பிறகுதான் வாங்குவேன். அதன் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் இழுத்தால்தான் சோற்றுக்கும் கடல்பாசித் தாளுக்கும் நடுவிலிருக்கிற பிளாஸ்டிக் தனியாக உருவி வந்து, தாள் மொறுமொறுப்பாகச் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். முதல் நாள் எண்ணைப் பார்க்காமல் பிய்த்ததில் தாள் பாதி உறையோடு போய்விட்டது. மூன்றாம் நாள் கை தானாகச் செய்தது.

மதியத்துக்கு கோகோ இச்சிபன்யா கறிச்சோற்றுக் கடைகளின் பல கிளைகளில் சைவக் குழம்பு கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டும். டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே டீஸ் தன்தன் என்ற முழுச் சைவ ராமென் கடை இருக்கிறது. அப்புறம் நவம்பரின் வரம், 'யாகிஇமோ'. சூப்பர்மார்க்கெட் வாசலில் சுடுகல் பெட்டிக்குள் அடுக்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. காகித உறையில் போட்டுத் தருவார்கள். பிளந்தால் உள்ளே தேன்போல வழியும். குளிர்ந்த கையில் அதை வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தபடி எத்தனை மதியச் சாப்பாட்டை முடித்தேன் என்று கணக்கில்லை.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் டோக்கியோவில் நிஷிகசாய் போங்கள். இந்திய ஐடி குடும்பங்கள் நிறைய வாழ்கிற இடம். நான் போகவில்லை, 14 நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

மொழி தெரியாமல் எப்படி?

"சுமிமாசென்" என்ற ஒரு சொல் பாதி வேலையைச் செய்துவிடும். மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க, இங்கே பாருங்க, நன்றி எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆனால் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வாக்கியம் நம்முடையதைப் போலவே ஓடுகிறது. வினைச்சொல் கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். "கியோட்டோ நி இக்கிமாஸ்" என்பதில் 'நி' என்பது நம் 'க்கு'. கியோட்டோவுக்குப் போகிறேன், அவ்வளவுதான். கடைசியில் 'கா' சேர்த்தால் கேள்வி, நம் 'ஆ' போல. "கொரே வா நான் தெஸ் கா?" என்றால் "இது என்ன?" அவர்களின் 'நான்' நமக்கு 'என்ன'. போவதற்கு முன் ஒரு மாதம், தினம் இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். ரயில் அறிவிப்பின் கடைசிச் சொற்கள் காதில் விழ ஆரம்பித்ததே பெரிய துணையாக இருந்தது.

பணம் எப்படி எடுத்துப் போவது?

ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, கொஞ்சம் ரொக்கம். ரொக்கம் தீர்ந்தால் செவன் இலெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம் வெளிநாட்டு கார்டை எடுக்கும். சின்னக் கடை, கோயில் காணிக்கை, சலவை மெஷின் எல்லாம் இன்னும் காசில்தான் நடக்கின்றன. நோட்டு 1,000 யென்னிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே எல்லாம் நாணயம். 500 யென் நாணயம் நம் பணத்தில் சுமார் 300 ரூபாய்; சில்லறை என்று பையின் அடியில் போட்டுவிடாதீர்கள். கடையில் பணத்தைக் கையில் கொடுக்காமல் அங்கே இருக்கும் சின்னத் தட்டில் வைக்க வேண்டும். டிப்ஸ் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து தருவார்கள்.

ரயிலும் பெட்டியும் தனியாளாகச் சமாளிக்க முடிந்ததா?

ஊருக்குள் சுற்ற, பணம் போட்டுவைத்து வாசலில் தொட்டுப் போகிற ஐசி கார்டு ஒன்று போதும். டோக்கியோவில் சுய்கா, ஒசாகா பக்கம் இகோகா. எதை வாங்கினாலும் பெரிய ஊர்களில் எல்லாம் செல்லும். பஸ், கொன்பினி, லாக்கர் வரை அதே கார்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ், ஜேஆர் பாஸ், வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அக்டோபர் 2023-இல் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போக ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலின் டிக்கெட் சுமார் 14,000 யென். போய்வர மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். டோக்கியோவிலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னல், 'ஈ' வரிசை கேளுங்கள். முக்கால் மணி நேரத்தில் ஃபுஜி மலை வரும், மேகம் இல்லாவிட்டால்.

தனியாகப் போகிறவருக்குப் பெட்டிதான் பெரிய எதிரி. கழிப்பறைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இதற்கு அங்கே அருமையான ஏற்பாடு இருக்கிறது, 'தக்யூபின்'. இன்று காலை ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால், பெரும்பாலும் நாளை அடுத்த ஊர் ஹோட்டலில் இருக்கும். செலவு ஒரு நல்ல சாப்பாட்டு விலைதான். கோயாசான் மலைக்கு ஒரு முதுகுப்பையோடு மட்டும் ஏறினேன்.

துணி?

நான்கு செட் கொண்டுபோனேன். நாலு நாளுக்கு ஒருமுறை நாணயச் சலவைக் கடை. கியோட்டோவில் நான் தங்கிய சந்துக்குள்ளேயே ஒன்று இருந்தது. ஆளில்லாத கடை, ஆறு மெஷின், ஒரு பெஞ்சு. பல மெஷின்கள் சோப்புத்தூளைத் தாங்களே போட்டுக்கொள்ளும். நீங்கள் 100 யென் நாணயங்களைப் போட்டால் போதும். உலர்த்தி தனி, 100 யென்னுக்குப் பத்து நிமிஷம் அளவில் ஓடும்.

இரண்டாவது முறை போனபோது ஒரு பாட்டி உலர்த்தியிலிருந்து பெரிய போர்வை உறையை எடுத்து மடிக்கத் திணறிக்கொண்டிருந்தார். எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்தேன். வீட்டில் அம்மாவும் நானும் மடிப்பதுபோலவே இரண்டு பேரும் உதறி, நுனியோடு நுனி சேர்த்து, நடந்து வந்து கைமாற்றிக்கொண்டோம். ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் என் உலர்த்தியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் என்று தலையசைத்து, தன் பர்சிலிருந்து ஒரு 100 யென் எடுத்துப் போட்டார். நான் தடுக்கத் தடுக்கப் போட்டுவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

குப்பைத் தொட்டியே இல்லையாமே?

உண்மைதான். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துக்கொண்டு, இரவு அறைக்குக் கொண்டுவந்து போடுங்கள். நாலு நாளில் பழகிவிடும்.

உடம்பு சரியில்லாமல் போனால்?

போனது. ஒன்பதாம் நாள் ஒசாகாவில் காய்ச்சல். தனியாகப் போனதில் கஷ்டமாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அறை பத்து சதுர மீட்டர் இருக்கும். கட்டிலிலிருந்து கை நீட்டினால் சுவர். இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன், ஊரிலிருந்து கொண்டுபோன பாராசிட்டமால் இருந்தது. கீழே கொன்பினியில் பொகாரி ஸ்வெட் என்ற உப்புச்சத்து பானம் வாங்கினேன். அலமாரியில் ஒரு வெள்ளைப் பொட்டலத்தில் சோற்றுக் கிண்ணம் படம். மொழிபெயர்த்துப் பார்த்தால் 'ஒகாயு', அரிசியும் தண்ணீரும் மட்டும். நம் கஞ்சியேதான்! அதைச் சூடாக்கி, ஒரு உமே வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து குடித்தேன். இந்த ஊரிலும் காய்ச்சலுக்குக் கஞ்சியும் ஊறுகாயும்தான் என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது. மறுநாள் சாயங்காலம் எழுந்துவிட்டேன்.

போவதற்கு முன்பே இரண்டு விஷயம்: சூடோஎபெட்ரின் அதிகமுள்ள ஜலதோஷ மாத்திரைகளுக்கு அங்கே தடை, மாத்திரை அட்டையைப் படித்துப் பார்த்து எடுத்து வையுங்கள். பச்சை இலை, காய், பழம் எதுவும் சான்றில்லாமல் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலைப் பொட்டலத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கோயிலில் தங்கினாயாமே, அது என்ன?

ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனிலிருந்து நன்காய் ரயில், பிறகு செங்குத்தாக ஏறும் கேபிள் ரயில், பிறகு பஸ். சுமார் 800 மீட்டர் உயரத்தில் கோயாசான். கூகாய் என்ற துறவி 816-இல் தொடங்கிய இடம். இன்று நூற்றுக்கு மேல் கோயில்கள், அவற்றில் ஐம்பது அளவில் வெளியாரைத் தங்க வைக்கின்றன. தனியாளை எடுக்காத கோயில்களும் உண்டு, முன்பதிவின்போதே பாருங்கள். இரண்டு வேளை உணவோடு ஓர் இரவுக்கு 15,000 யென் கொடுத்தேன்.

சாப்பாடு முழுச் சைவம், பூண்டு வெங்காயம்கூட இல்லை. தஷிகூட மீன் இல்லாமல், கடல்பாசியிலும் காளானிலும் செய்ததுதான். பத்து நாளாக லேபிள் படித்துப் படித்துச் சாப்பிட்டவள், அன்று ஒன்றையும் கேட்காமல் எல்லாக் கிண்ணத்தையும் காலி செய்தேன். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிய 'கோமாதோஃபு' நாக்கில் வைத்ததும் கரைந்தது.

காலையில் ஒகுனோயின் மயானப் பாதை. இரண்டு கிலோமீட்டர், வானுயர்ந்த தேவதாரு மரங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேல் கல்லறைகள் என்கிறார்கள். பல கற்கள் ஐந்து அடுக்கு: சதுரம், வட்டம், முக்கோணம், பிறை, ரத்தினம். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி. ஐம்பூதம்! ஒவ்வொரு அடுக்கிலும் சித்தம் என்ற இந்திய வழி எழுத்து. பாதை முடிவில் கூகாயின் சமாதி. அவர் 835-இல் இறந்தார் என்று அங்கே சொல்வதில்லை, தியானத்தில் இருக்கிறார் என்கிறார்கள். ஜீவசமாதி தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். தினம் காலை 6 மணிக்கும் 10.30-க்கும் துறவிகள் மரப்பெட்டியில் அவருக்குச் சாப்பாடு சுமந்து போகிறார்கள். ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1872-இல் அரசு தடையை நீக்கும்வரை இந்த மலைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. எல்லையில் பெண்களுக்கான மண்டபங்களில் தங்கி, மலையின் விளிம்பைச் சுற்றியே நடந்து கும்பிட்டுப் போனார்கள். அந்த மண்டபங்களில் மிஞ்சிய ஒன்று, நியோனின்தோ, பஸ் வழியிலேயே இருக்கிறது. இறங்கி ஒரு ஊதுவத்தி ஏற்றினேன்.

போட்டோ யார் எடுத்தார்கள்?

எதிரே வருகிறவரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நான் அதிகம் கேட்கவில்லை. கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோயிலின் சிவப்பு வாயில்களுக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன். அது 24 மணி நேரமும் திறந்திருக்கும். மலை உச்சிவரை பூனைகளும் நானும்தான்.

சாயங்காலம் தனிமையாக இருக்காதா?

இருக்கும். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நம் ஊரில் அப்போது மணி ஒன்றரை, போன் பண்ணினால் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். அந்த நேரத்துக்கென்று ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் 'சென்தோ' என்ற பொதுக் குளியல் கூடத்துக்குப் போனேன். ஆண், பெண் தனித்தனி. துணியில்லாமல்தான் இறங்க வேண்டும், முதலில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு. கட்டணம் ஐந்நூற்றுச் சொச்சம் யென். முதல் நாள் தயக்கம் வாசல்வரைதான் இருந்தது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கொதிக்கக் கொதிக்க இருக்கும் நீரில் கழுத்துவரை உட்கார்ந்து, பேட்டைப் பெண்கள் அன்றைய கதைகளைப் பேசுவதைப் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தால், இருட்டியதே தெரியாது.

அம்மாவுக்கு என்ன வாங்கி வந்தாய்?

ஒரு டப்பா உமே. அம்மா பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு, "நார்த்தங்காய்க்குத் தங்கச்சி மாதிரி இருக்குடி" என்றார். டப்பா பத்து நாளில் காலி.